மயிலும் வேர்க்கடலையும்

அம்மையார்குப்பத்தில் தறிச்சத்தம் முடிகிற இடத்தில் கொல்லைகள் ஆரம்பிக்கின்றன. மார்கழியில் ஒரு விடியற்காலை, ஏரிக்கரைக்குப் போகிற வழியில், ஒரு வேர்க்கடலைக் கொல்லையின் வரப்போரம் மூன்று மயில்கள் செத்துக் கிடந்தன. இரண்டு பெட்டை, ஒரு சேவல். சற்றுத் தள்ளி நான்கைந்து மைனாக்களும் ஒரு கவுதாரியும். நெல்லில் மருந்து கலந்து தூவியிருந்தது தெரிந்தது. கொல்லைக்காரர் அங்கேயே நின்றிருந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவராகத்தான் சொன்னார்: "வாகனம் சாமியுது தம்பி. தீனி என்னுது."

நான் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாதது இரக்கத்தாலா, கோழைத்தனத்தாலா என்பது எனக்கு இன்னும் தெளிவாகவில்லை. அதைத் தெளிவுபடுத்திக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

சட்டத்தைப் பொறுத்தவரை குழப்பம் ஒன்றுமில்லை. மயில் 1963லிருந்து தேசியப் பறவை. 1972ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் அது முதல் அட்டவணையில் இருக்கிறது. கொன்றவருக்கு மூன்று வருஷத்துக்குக் குறையாத, ஏழு வருஷம் வரை நீளக்கூடிய சிறை. 2022ஆம் வருஷத் திருத்தத்துக்குப் பிறகு, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும். இதே சட்டத்தின் 11ஆம் பிரிவில் கவனிக்க வேண்டிய வேறுபாடு ஒன்று இருக்கிறது. இரண்டாம் அட்டவணையில் உள்ள ஓர் உயிர் மனிதருக்கோ, நிற்கிற பயிர் உள்ளிட்ட உடைமைக்கோ ஆபத்தானால் தலைமை வன உயிரினக் காப்பாளர் அதைக் கொல்ல அனுமதிக்கலாம். முதல் அட்டவணை உயிருக்கோ மனித உயிருக்கான ஆபத்து, அல்லது அந்தப் பிராணியே மீள முடியாத நோயிலோ ஊனத்திலோ கிடப்பது, இவை மட்டுமே காரணமாக முடியும். பயிர் என்ற சொல் அங்கே இல்லை. ஆகவே மயிலின் விஷயத்தில் கடலைக்கொல்லைக்காரர் தன் நஷ்டத்தை ஒரு காரணமாகச் சொல்லக்கூட இடமில்லை.

மற்ற சில உயிர்களுக்கு நடந்ததையும் பார்க்கலாம். சட்டத்தில் 'வெர்மின்' என்று ஒரு சொல் இருக்கிறது. அழித்தாலும் குற்றமில்லை என்று அறிவிக்கப்பட்ட உயிர் என்று பொருள். 62ஆம் பிரிவின்படி மத்திய அரசு ஒரு பிராணியைக் குறிப்பிட்ட பிரதேசத்தில், குறிப்பிட்ட காலத்துக்கு அப்படி அறிவிக்கலாம். 2015 டிசம்பரில் பீகாரில் நீல்காயும் காட்டுப்பன்றியும் அப்படி அறிவிக்கப்பட்டன. 2016 ஜூனில் மொகாமாவில், வெளியூரிலிருந்து வரவழைக்கப்பட்ட வேட்டைக்காரர்கள் இருநூற்றுக்கும் மேற்பட்ட நீல்காய்களைச் சுட்டார்கள். தன் பெயரிலேயே பசுவை வைத்திருக்கிற பிராணி அது. அந்தப் பெயர் அதைக் காப்பாற்றவில்லை. தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் காட்டுப்பன்றி பற்றி ஒரு முடிவு அறிவிக்கப்பட்டது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது. ஒன்றிலிருந்து மூன்று வரை, பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்றுக்கு அப்பால், வனத்துறையினர் சுடலாம். வராக அவதாரத்தை யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை.

இந்த ஏற்பாட்டில் நிர்வாக நியாயம் இருக்கலாம். ஆனால் 'தீங்கு' என்பது பிராணியின் குணமாக இல்லாமல் ஒரு தூரமாக ஆகிவிடுகிறது. அதே பன்றி, அதே பசி. மூன்றாவது கிலோமீட்டரைத் தாண்டியதும் வேறு உயிர். எங்கள் ஊரில் இந்த விசித்திரம் இன்னும் ஒருபடி கூடுதல். சில மைல் தள்ளி ஆந்திரம். 1960ல் எல்லை மாற்றி எழுதப்பட்டுத் திருத்தணிப் பகுதி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அந்தக் கோட்டைத் தாண்டுகிற பன்றிக்கு இந்த மூன்று கிலோமீட்டர்க் கணக்கு பொருந்தாது. அங்கே முடிவு செய்ய வேண்டியது வேறோர் அரசாங்கம்.

மயிலையும் இந்தக் கணக்குக்குள் கொண்டுவந்துவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நான் கொடியவர்களாக நினைக்கவில்லை. மயில் பெருகியிருக்கிறது, 2023ல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கையும் அதையே சொல்கிறது. நரி குறைந்ததும், தரிசு நிலம் சீமைக்கருவேலங்காடாக மாறியதும் காரணம் என்பார்கள். துப்பாக்கி ஒரு மயிலைத்தான் கொல்லும். மருந்து வைத்த நெல் மைனாவையும் கவுதாரியையும் சேர்த்துக் கொல்கிறது. தடை இருப்பதால்தான் ரகசியம், ரகசியம் என்பதால்தான் விஷம் என்ற வாதத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. இருந்தும் என்னால் அதற்குச் சம்மதிக்க முடியவில்லை. மயிலைக் கொல்லத்தக்க உயிர் என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அப்புறம் மிஞ்சுவது எத்தனை சுட்டோம் என்ற எண்ணிக்கைதான். கொல்லைக்காரரின் நஷ்டத்தைப் பற்றி மறுபடி யாரும் பேச வேண்டியிருக்காது.

இந்த இடத்தில் எனக்கு வள்ளி ஞாபகம் வருகிறாள். திருத்தணி வள்ளியை மணந்த தலம் என்பது ஐதீகம். மணம் இருக்கட்டும். அவள் செய்த வேலையை யோசிக்கிறேன். தினைப்புனத்தில் பரண் மீது நின்று, கவண் வீசி, 'ஆலோலம்' என்று கூவிப் பறவைகளை ஓட்டினாள். பயிரும் வேண்டும், பறவையும் சாக வேண்டாம் என்கிற ஒரு நாகரிகம் கண்டுபிடித்த உத்தியோகம் அது. இன்றைய சட்டத்தில் 'வேட்டை' என்பதன் விளக்கத்தைப் படித்தால் கொல்லுதல், நஞ்சிடுதல், பொறிவைத்தல் இவற்றோடு விரட்டுதலும் இருக்கிறது. வேட்டைக்காக வளைத்து ஓட்டுவதை நினைத்து எழுதியதாக இருக்கலாம். ஆனாலும் எழுத்துப்படி பார்த்தால் வள்ளியும் குற்றவாளி.

மயிலைவிட வேகமாகக் குறைந்துபோனது காவல்தான். எங்கள் பக்கத்தில் விதைத்த பத்து நாளைக்கு வீட்டுக் கிழவியோ பையனோ தகரத்தைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இப்போது கிழவி தனியாக இருக்கிறாள், பையன் பள்ளிக்கூடம் போகிறான், பெரியவர்கள் விசைத்தறியில் இருக்கிறார்கள். பையன் படிப்பதை யாரும் குறை சொல்ல முடியாது. பரணில் ஆளில்லாத கொல்லையைச் சுற்றிப் பழைய சேலைகள் கட்டியிருக்கின்றன. மயிலுக்கு ஒரு வாரத்தில் அவை பழகிவிடுகின்றன. முளைவிட்ட கடலையை வரிசை தப்பாமல் கிளறித் தின்றுவிட்டுப் போகின்றன.

வேறு இடங்களில் என்ன செய்தார்கள்? ஸ்காட்லாந்தின் ஐலா தீவுக்குக் குளிர்காலத்தில் கிரீன்லாந்திலிருந்து பல்லாயிரக்கணக்கில் காட்டு வாத்துகள் வந்து மேய்ச்சல் புல்லைத் தின்கின்றன. அங்கே விவசாயிகளுக்கு அரசாங்கம் பணம் கொடுத்தது. 2014ல் வகுத்த திட்டத்தின்படி ஓர் இன வாத்தை உரிமம் தந்து சுடவும் வைத்தது. பறவைச் சங்கங்கள் சுடுவதை எதிர்த்தன. தகராறு இருக்கிறது, ஆனால் நஷ்டம் விவசாயியின் சொந்தத் தலையெழுத்தல்ல என்பது அங்கே ஒப்புக்கொள்ளப்பட்ட விஷயம். அவ்வளவு தூரம் போகாமல், எங்கள் பழைய செங்கல்பட்டு ஜில்லாவுக்குள்ளேயே வேடந்தாங்கல் இருக்கிறது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, சுடக் கூடாது என்று 1798ல் கலெக்டர் லயனல் பிளேஸிடம் எழுத்து வாங்கியவர்கள் அந்த ஊர் விவசாயிகள். பறவையின் எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் அவர்கள் வயலுக்கு எருவாயிற்று. கருணையும் லாபமும் ஒரே மடையில் பாய்ந்ததால் அந்தத் தடை நிலைத்தது. மயிலிடம் அந்த வசதி இல்லை. அது கொடுப்பது அழகு. அதை வாங்கிக்கொள்பவர்கள் நாம், விலை கொடுப்பவர் கொல்லைக்காரர்.

'நாம்' என்று சொல்வதில் இந்தப் பத்திரிகையை வாசிக்கிற நண்பர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நம் கவிதைகளில் எத்தனையோ மயில்கள். படிமமாக, ஞாபகமாக, இழந்த எதற்கோ குறியீடாக. ஒன்றாவது கடலை தின்றதா? தின்னாத மயிலைப் பாடுவது சுலபம். ஆடிக் கிருத்திகைக்கு மயிற்பீலிக் காவடி எடுக்கிறவரும், மயிலைப் பற்றிக் கவிதை எழுதுகிற நானும், முதல் அட்டவணையைத் தயாரித்த அதிகாரியும் ஒரு விஷயத்தில் ஒன்றுதான். மயிலுக்கு ஒரு பிடி தானியம் எங்கள் கையிலிருந்து போனதில்லை.

கொல்லக் கூடாது என்பதில் எனக்கு இப்போதும் சந்தேகமில்லை. அதைச் சொல்கிற தகுதியில்தான் சந்தேகம். ஓர் உயிரைக் கொல்லாதே என்று ஒருவனுக்கு உத்தரவிடுகிறவன், அந்த உயிரின் தீனியில் தன் பங்கையும் ஏற்க வேண்டும். ஏற்காத வரையில் அது அடுத்தவன் செலவில் சம்பாதிக்கிற புண்ணியம். நூற்றுச் சொச்சம் நாள் பயிரில் விதைத்த பிறகு பத்து நாள், பிடுங்குவதற்கு முன்னால் சில நாள். இவ்வளவுக்குக் காவல் கூலியைப் பொதுப்பணத்திலிருந்து கொடுப்பது ஓர் அரசாங்கத்துக்குப் பெரிய காரியமில்லை. நஷ்ட ஈடு செத்த பயிருக்குத் தருவது. காவல் கூலியில் பயிரும் மயிலும் இரண்டுமே பிழைக்க இடமிருக்கிறது.

அந்த மனிதர் தை மாதத்தில் மறுபடி விதைத்தார். நான் போய், காலையில் இரண்டு மணி நேரம் வந்து உட்காரட்டுமா என்று கேட்டேன். சிரித்தார். "எத்தனி நாளைக்கு தம்பி?" என்றார். நான்கு நாள் போனேன். ஐந்தாம் நாள் எனக்கு ஆபீஸ் இருந்தது.