ஆண்டவரிடம் அரைப்பேர் இல்லை



நம் தோட்டத்து ஸ்டோரில் நடக்கும் வேலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். வாட்டிய கொழுந்து ரோலரில் நசுங்குகிறது. நசுங்கியதும் இலைக்குள்ளிருக்கும் நொதியம் காற்றோடு சேர்ந்து வேலை செய்ய, பச்சை இலை செம்பு நிறமாகிறது. தேயிலைக்குரிய மணமும் சுவையும் வருகின்றன. தக்க வேளையில் சூடு கொடுத்து அந்த வேலையை நிறுத்துகிறார்கள். நொதியத்தைப் படைத்தவர் கடவுள்; அதை வேலை வாங்கக் கற்றவன் மனிதன். இதில் பாவம் ஒன்றுமில்லை. கடவுள் முதல் மனிதனைக் குடிவைத்ததும் ஒரு தோட்டத்தில்தான். அதைப் பண்படுத்தும் பொறுப்பையும் காக்கும் பொறுப்பையும் சேர்த்தே கொடுத்தார் என்று ஆதியாகமத்தில் காண்கிறோம்.

இன்று விஞ்ஞானம் இன்னும் ஆழமாகப் போய், உயிரின் பரம்பரை அலகையே மாற்றுகிறது. இது கடவுளோடு போட்டி போடுவதல்லவா என்று சிலர் அஞ்சுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். முன்பு நீரிழிவு நோயாளருக்கான இன்சுலினைப் பன்றி, மாடு ஆகியவற்றின் சதையியிலிருந்து எடுத்தார்கள். பரம்பரை அலகு மாற்றப்பட்ட பற்றீரியாவைக் கொண்டு செய்த மனித இன்சுலினுக்கு 1982இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நம் லயங்களிலும் இன்சுலின் ஊசியால் உயிர் தரிப்போர் உண்டு. இதற்காக இறைவனுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

அப்படியானால் எல்லை எங்கே? 1925இல் தொடங்கப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் நமக்கு அருகே தலவாக்கலையில் இருக்கிறது. நல்ல விளைச்சல் தரும் தாய்ச்செடிகளைத் தெரிந்தெடுத்து, அவற்றின் தண்டுத் துண்டுகளிலிருந்து கன்றுகளை உண்டாக்கினார்கள். ‘டி.ஆர்.ஐ. 2025’ அப்படி வந்த இனமே. விளையாத பழைய செடியைப் பிடுங்கி, விளையும் செடியை நடுகிறோம். செடிக்கு இது சரி.

அதே அளவுகோலை மனிதன்மேல் வைத்தால்? 2018 நவம்பரில் ஹே ஜியான்குய் என்ற சீன விஞ்ஞானி, கருநிலையிலேயே பரம்பரை அலகை மாற்றி இரட்டைப் பெண்குழந்தைகளைப் பிறக்கச் செய்ததாக அறிவித்தார். எயிட்ஸ் கிருமி தொற்றாதிருக்கவே செய்தேன் என்றார். விஞ்ஞானிகளே அவரைக் கண்டித்தார்கள். 2019இல் சீன நீதிமன்றம் அவருக்கு 3 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. அந்த மாற்றத்தால் தீங்கு வந்தால் அது அக்குழந்தைகளோடு நில்லாது. அவர்களுடைய சந்ததிக்கும் போகலாம்.

திருச்சபை 2008இல் வெளியிட்ட அறிவுரையில் இதைப் பிரித்துக் காட்டியது. நோயாளியின் உடலிலுள்ள குறையைச் சீர்ப்படுத்தும் சிகிச்சை அடிப்படையில் ஏற்கத்தக்கது. சந்ததிக்கும் போகும்படி செய்யும் மாற்றம், அதன் ஆபத்துகள் அறியப்படாத நிலையில், தகாதது. விரும்பிய குணங்களோடு ‘உயர்ந்த’ மனிதனை உண்டாக்க முயல்வதோ, மனிதர் அனைவரும் சமம் என்ற உண்மையையே குலைக்கும்.

எடை பார்த்து மனிதனை மதிப்பது எப்படிப்பட்டது என்று நமக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. கொழுந்து குறைந்த நாளில் ‘அரைப்பேர்’ விழுந்த தாயின் முகத்தைப் பார்த்திருக்கிறோம். அவள் மழையில் நனைந்ததும் அட்டைக்கடி பட்டதும் கணக்கில் வருவதில்லை. கிலோ மட்டுமே வருகிறது. பிறக்கப்போகும் பிள்ளையையும் தராசில் வைத்துப் பார்த்தால், அது இதே பாவத்தின் வேறொரு முகம்.

ஆனால், பிரியமானவர்களே, அந்தத் தராசு நம் வீட்டிலும் இருக்கிறது. நடக்க முடியாத பிள்ளையை, பேச்சு வராத பிள்ளையை, விருந்தாளி வரும்போது உள் காம்பராவில் மறைக்கிறோம். பூசைக்குக்கூட அழைத்து வருவதில்லை. இப்படிச் செய்துகொண்டு விஞ்ஞானியை மட்டும் குறை சொல்ல நமக்கு என்ன யோக்கியதை?

நல்லாயன் தம் ஆடுகள் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி அழைக்கிறார் என்று அருளப்பர் எழுதுகிறார். அவருடைய செக்ரோலில் அரைப்பேர் கிடையாது. வரும் ஞாயிறு அந்தப் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு கோவிலுக்கு வாருங்கள். முன்வரிசையில் இடம் விட்டு வைப்போம்.