சராசரி மனிதரும் பிறவாத சந்ததியும்

ஒருவர் ஏற்கும் தீங்கு அவரோடு முடியுமாயின், அதனை ஏற்பதும் மறுப்பதும் அவரது உரிமை எனலாம். இனப்பெருக்கக் கலங்களைத் தாக்கும் கதிர்வீச்சின் தீங்கோ இன்னும் கருவாகாத சந்ததிக்கும் செல்லக்கூடியது. எக்ஸ் கதிர்கள் பழ ஈக்களில் பரம்பரை விகாரங்களைத் தோற்றுவிக்கும் என ஹெர்மன் முல்லர் 1927இல் காட்டியது முதல் இவ்வறவினா நம்முன் நிற்கின்றது.

உயிர்களிடையே உள்ள வேறுபாடு இவ்வினாவை மேலும் சிக்கலாக்குகின்றது. பெண்ணின் முட்டைக்கலங்கள் அவள் பிறக்குமுன்பே உருவாகிவிடுகின்றன. ஆணின் விந்துக்கலங்கள் பருவமெய்திய பின் தொடர்ந்து உண்டாகின்றன. எனவே ஒரே கதிர் இருபாலாரையும் ஒரே வகையில் தாக்குவதில்லை. எலியின் இளம் முட்டைக்கலங்கள் மிகச் சிறிய கதிரளவிலேயே மடிகின்றன. மனித முட்டைக்கலங்கள் அதனினும் கூடிய அளவைத் தாங்குவன. மனிதருள்ளும் ஏ.டி.எம். என்னும் பரம்பரையலகின் இரு பிரதிகளும் பழுதுற்றோர் கதிர்வீச்சால் ஏனையோரைவிடப் பெரிதும் பாதிப்புறுவர்.

ஏறாவூரிலிருந்து கடலோரமாக வடக்கே சென்று திருகோணமலையையும் கடந்தால் புல்மோட்டையை அடையலாம். அங்குள்ள கனிய மணலில் இல்மனைற்றோடு சிறிதளவு மொனசைற்றும் உண்டு. தோரியம் செறிந்த இம்மொனசைற்று மிகுந்துள்ள கேரளத்துக் கொல்லம் கடற்கரையில் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றனர். அங்கு தாய்வழிச் செல்லும் இழைமணி டி.என்.ஏ.யில் விகாரங்கள் கூடியிருப்பதை 2002இல் வெளியான ஆய்வொன்று கண்டது. ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட சிசுக்களை ஆராய்ந்து 2013இல் வெளியான பிறிதோர் ஆய்வு, பிறவிக் குறைபாடுகள் அங்கு மிகுந்திருப்பதாகக் காணவில்லை. இவற்றைக் கொண்டு, பெரும்பாலோர்க்குத் தீங்கில்லை என ஒருவர் ஆறுதல் கொள்ளலாம். ஆயின், அப்பெரும்பாலோருள் அடங்காதவரின் நிலை யாது?

அத்தகையோரைப் பரம்பரையலகுச் சோதனையாற் கண்டறிந்து கதிர்சார்ந்த தொழில்களிலிருந்து விலக்கலாமே எனச் சிலர் வாதிப்பர். தன் உடலின் இயல்பை ஒருவர் தாமே விரும்பி அறிவதில் தவறில்லை. அவ்வறிவே அவருக்கு வேலை மறுக்கும் கருவியாகுமாயின், தீங்கின் மூலம் அப்படியே இருக்க, தீங்குக்கு ஆளாகுபவரே குற்றவாளியாக்கப்படுகின்றார். மேலும், ஒரு பரம்பரையலகைச் சோதிப்பதால் ஒருவரது தாங்குதிறன் முழுவதையும் அளந்துவிடவும் முடியாது.

ஆகவே பாதுகாப்பின் எல்லை மெலியோரின் தாங்குதிறனைக் கொண்டே வகுக்கப்படல் வேண்டும். அதனால் வலியோர் இழப்பது சிறிது. சராசரியைக் கொண்டு எல்லை வகுப்பின் மெலியோர் இழக்கக்கூடியது மகப்பேறாகவும் இருக்கலாம். பிறவாதோரிடம் சம்மதம் கேட்க இயலாத நிலையில், அவர்பொருட்டு ஐயத்தின் பயனை அளிப்பது வாழ்வோரின் கடனாகும்.