துண்டு போட முடியாத ஸ்டூல்

குடும்பத்தோடு ஜப்பான் போயிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். டோக்கியோவில் ஒரு சந்துக்குள் ராமென் கடை. மொத்தமே எட்டு ஸ்டூல். வெளியே க்யூ. அரைமணி நேரம் நின்று உங்கள் முறை வரும்போது, மூலைக்கொன்றாக நாலு இடம் காலியாகிறது. ‘இன்னும் கொஞ்சம் பொறுத்தால் சேர்ந்தே உட்காரலாமே’ என்கிறார் மனைவி. நியாயம்தானே? குடும்பம்னா சேர்ந்து சாப்பிட வேண்டாமா?

நான் பி.காம். படித்தவன், புத்தி முதலில் கணக்குக்குத்தான் போகும். ஒரு கிண்ணம் ராமென் ஆயிரம் யென்னைத் தாண்டினால் ஜனங்கள் வாங்க மாட்டார்கள் என்ற பயம் அங்கே நீண்ட காலமாக உண்டு. ‘ஆயிரம் யென் சுவர்’ என்றே அதற்குப் பெயர். எலும்பை மணிக்கணக்கில் கொதிக்கவைக்க வேண்டும், வாடகை தர வேண்டும், இருப்பதோ எட்டு ஸ்டூல். லாபம் எங்கிருந்து வரும்? ஒரு ஸ்டூலில் ஒரு நாளைக்கு எத்தனை பேர் உட்கார்ந்து எழுந்திருக்கிறார்கள் என்பதில்தான்!

அந்தச் சாப்பாடே அவசரக்காரர்களுக்கானது. ஃபுகுவோகாவில் நாகஹாமா மீன் மார்க்கெட் ஆட்களுக்காக நூடுல்ஸை மெல்லிசாக்கினார்கள், சட்டென்று வேகட்டும் என்று. நிறையப் போட்டால் ஊறிப்போகுமே? அதனால் கொஞ்சமாகத் தந்து, தீர்ந்ததும் மீதிச் சாறில் நூடுல்ஸ் மட்டும் மறுபடி போடுவார்கள். ‘காயெதமா’ என்று பெயர்.

ஆக, நீங்கள் காசு கொடுப்பது நூடுல்ஸுக்கு மட்டுமல்ல. அந்த ஸ்டூலில் ஒரு கால்மணி நேரத்துக்கும் சேர்த்து. ஒருத்தர் க்யூவில் நின்று மற்ற மூணு பேருக்கு இடம் பிடிக்கக் கூடாது என்று பல கடைகளில் எழுதியே வைத்திருக்கிறார்கள்.

தனியாகப் போயிருந்தால் கிடைத்த ஸ்டூலில் உட்கார்ந்து, சாப்பிட்டு, எழுந்து வந்திருப்பீர்கள். குடும்பம் கூட இருந்தால் மட்டும் துண்டு போடத் தோன்றுகிறது. ‘எனக்காகவா கேட்கிறேன், குழந்தைகளுக்காகத்தானே!’ நமக்கென்று கேட்கக் கூச்சப்படுகிற சலுகையை, குடும்பத்துக்கு என்றால் உரிமையாகவே கேட்டுவிடுகிறோம். சுயநலத்துக்கு இதைவிட மரியாதையான பெயர் கிடையாது. உங்களுக்குப் பின்னால் லஞ்ச் பிரேக்கில் ஓடிவந்து நிற்கிறவருக்கும் வீட்டில் குழந்தைகள் இருக்கலாம், சார்.

சின்னப் பெண் தனியே உட்காரப் பயப்படுகிறாளா? தயங்காமல் சொல்லுங்கள். பக்கத்து ஆள் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு ஒரு இடம் தள்ளி உட்காருவார். அங்கே அது சகஜம். ஆனால் அது அவர் பெருந்தன்மை.

இதுவரைக்கும் சுலபம். ‘ஆளுக்கு ஒரு கிண்ணம் கட்டாயம்’ என்று இன்னொரு விதி இருக்கிறதே, அதில்தான் எனக்கு உதைக்கிறது. உங்கள் அம்மாவும் வந்திருக்கிறார். சுத்த சைவம். பன்றி எலும்புச் சாறு வாசனைக்கே மூக்கைப் பொத்திக்கொள்கிறார். அவருக்கும் ஒரு கிண்ணமா? கணக்குப்படி சரி, ஸ்டூலுக்கு சைவம், அசைவம் தெரியாது. ஆனால் சாப்பிடாத கிண்ணத்தை அம்மா முன்னால் ஆறவைப்பதும், அவரை வாசலில் நிற்கவைத்துவிட்டு நாம் உள்ளே உறிஞ்சுவதும் எனக்கு ஒரே மாதிரி அசிங்கமாகத்தான் படுகிறது.

இந்த மாதிரி சமயத்துக்கு அதே ஊரில் வேறு இடம் இருக்கிறது. 1970-ல் டோக்கியோவில் ஸ்கைலார்க் ஆரம்பித்துவைத்த ‘ஃபாமிலி ரெஸ்டாரன்ட்’ வகை. பெரிய மேஜை, மூணு தலைமுறையும் உட்காரலாம். ட்ரிங்க் பாரில் எத்தனை கப் வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளலாம். அம்மாவுக்குச் சூடாக ஒரு டீ. பையன் ராமென்தான் வேண்டுமென்று மூக்கால் அழுவான். நாளைக்கு அவனை மட்டும் கூட்டிக்கொண்டு போங்கள்.