அடைக்கலப் பொருள்

தோட்டப்புறங்களை அடுத்திருந்த மளிகைக் கடைகளில் ஒரு காலத்தில் '555' என்று அட்டையில் அச்சிட்ட சிறு குறிப்பேடு வழங்கி வந்தது. அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் எனக் கடனாக வாங்கியவை யாவும் அதில் எழுதப்பட்டுச் சம்பள நாளில் கணக்குத் தீர்க்கப்பட்டன. அவ்வேட்டில் இருந்தவை வெறும் எண்கள் அல்ல. எந்த வீட்டில் வறுமை மிகுந்தது, எவர் மூன்று மாதமாகக் கடன் அடைக்கவில்லை என்பனவும் அதில் அடங்கியிருந்தன. ஒரு குடும்பத்தின் கணக்கை மற்றொரு குடும்பத்தின் காதில் போடாத கடைக்காரரையே ஊரார் நாணயமானவர் என்று மதித்தனர். அவரைக் கட்டுப்படுத்தத் தனிச் சட்டம் எதுவும் இருந்ததில்லை. அவர் மனமே காவலாக இருந்தது.

அந்த ஏடு இன்று கணினிக்குள் புகுந்துவிட்டது. தவணை முறையில் சேலை விற்கும் சிறு துணிக்கடை ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். கடைக்காரர், அவர்தம் மனைவி, பணியாளர் இருவர், ஒரு கணினி, ஒரு திறன்பேசி, இவ்வளவே அக்கடை. வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொலைபேசி எண், அடையாள அட்டையின் நகல், பாக்கித் தொகை ஆகிய அனைத்தும் அங்கே சேர்கின்றன. கணினியின் கடவுச்சொல் நால்வருக்கும் பொது. அது திரையின் ஓரத்தில் எழுதி ஒட்டப்பட்டும் இருக்கிறது. சென்ற ஆண்டு வேலையை விட்டுப் போனவரும் அதனை அறிவார். பணப்பெட்டிக்கு இரண்டு பூட்டுப் போடும் கடைக்காரர், இதற்கு ஒரு பூட்டும் போடாதது ஏன்? பணம் தம்முடையது, தகவல் பிறருடையது என்பதைத் தவிர வேறு காரணம் உண்டோ?

அறத்தைப் பற்றிய வினா இங்கேதான் எழுகிறது. வாடிக்கையாளர் தந்த தகவல் கடைக்காரருக்கு உடைமையா, அடைக்கலமா? உடைமையை அதற்குரியவர் விற்கலாம், எறியலாம், கேட்பாரற்றுக் கிடக்கவும் விடலாம். அடைக்கலப் பொருளை அவ்வாறு செய்ய எவருக்கும் உரிமை இல்லை. சேலைக்குத் தவணை கட்டுவதற்காக ஒரு மூதாட்டி தம் அடையாள அட்டையை நீட்டுகிறார். அந்த ஒரு காரியத்துக்காக மட்டுமே அவர் அதனைத் தந்தார். நடுவுநிலைமை அதிகாரத்தில் வள்ளுவர் வணிகருக்கு வகுத்த நெறி, பிறர் பொருளையும் தம் பொருள்போலப் பேணுதல் என்பதாகும். அந்நெறி நிறுவைக்கும் விலைக்கும் மட்டும் உரியதன்று.

பொருள் களவு போனால் அது இருந்த இடம் வெறுமையாகும். களவு நடந்தது உடனே தெரிந்துவிடும். தகவல் களவு போனாலோ அது இருந்த இடத்திலேயே இருக்கும்; இழந்தவரே இழப்பை அறியார். மேலும், களவு போன பணத்தை ஈடுசெய்யலாம், பூட்டை மாற்றலாம். மலேசிய அடையாள அட்டையின் 12 இலக்க எண்ணை அவ்வாறு மாற்றிக்கொள்ள முடியுமா? அதன் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த நாளைக் காட்டும். அடுத்த இரண்டு பிறந்த இடத்தைக் காட்டும். இறுதி இலக்கம் ஆணா பெண்ணா என்பதைக் காட்டும். வாழ்நாள் முழுவதும் உடன்வரும் எண் அது. அந்த எண்ணும் பாக்கித் தொகையும் ஏமாற்றுக்காரன் ஒருவன் கைக்குப் போனால், கடையின் பெயரைச் சொல்லி அவன் மூதாட்டியை அழைப்பான். பாக்கியைப் புதிய வங்கிக் கணக்கில் கட்டுமாறு கேட்பான். எல்லா விவரமும் சரியாக இருப்பதால் அவரும் நம்பிக் கட்டிவிடுவார்.

"பெரிய நிறுவனங்களே காக்க முடியாததைச் சிறு கடைக்காரர் எவ்வாறு காப்பார்?" என்று வினவுவோர் உளர். 2017-ஆம் ஆண்டில் மலேசியாவில் 4 கோடியே 62 லட்சம் கைப்பேசி எண்களைப் பற்றிய விவரங்கள் கசிந்தது வெளிவந்தது. அது நாட்டின் மக்கள் தொகையையும் விஞ்சிய எண்ணிக்கை. ஆயினும், பெரியவர் தவறியது சிறியவருக்கு விலக்கு ஆகாது. "குற்றம் செய்தவன் கள்வன், கடைக்காரர் மீது பழி ஏன்?" என்பது அடுத்த வினா. இதற்குச் சிலப்பதிகாரத்து மாதரியை நினைவுகூர்தல் தகும். கவுந்தியடிகள் கண்ணகியை அவளிடம் அடைக்கலமாக ஒப்படைத்தார். கோவலன் மாண்டது பொற்கொல்லன் வஞ்சத்தாலும் மன்னன் ஆராயாமையாலும் ஆகும்; மாதரி குற்றமற்றவள். இருந்தும், தான் ஏற்ற அடைக்கலம் கெட்டதே என்று வருந்தி அவள் தீயில் புகுந்தாள். அவளது முடிவு பின்பற்றத் தக்கதன்று. அவளது பொறுப்புணர்வு போற்றத் தக்கது. காப்பன யாவும் செய்த அவளே அவ்வாறு வருந்தினாள் எனில், கடவுச்சொல்லைத் திரையில் ஒட்டி வைத்தவர் தம்மைக் குற்றமற்றவர் என்று கூறிக்கொள்ள இயலுமா?

காக்கும் வழிகள் எளியவையே. முதலாவது, தேவையற்றதைக் கேளாமை. இல்லாத தகவலை எவரும் திருட முடியாது. ஒவ்வொரு பணியாளருக்கும் தனிக் கடவுச்சொல் வேண்டும்; கடவுச்சொல்லோடு திறன்பேசிக்கு வரும் குறியீட்டையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பு வேண்டும். பணியாளர் விலகும் நாளிலேயே அவரது அனுமதியையும் நீக்குதல் வேண்டும். கணினியின் மென்பொருளை உரிய காலத்தில் புதுப்பித்தல் வேண்டும். கணக்குகளின் நகல் ஒன்றைக் கணினியோடு இணைக்கப்படாத கருவியில் வைத்தல் வேண்டும். அடையாள அட்டை நகலின் குறுக்கே கோடிட்டு, அது எதற்காகத் தரப்பட்டது என்று எழுதுதல் நன்று. தவணை முடிந்து, கணக்குக்கும் சட்டத்துக்கும் அது தேவைப்படாத நிலையில், அதனைக் கிழித்து அழித்தல் வேண்டும். இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டா, கருத்து வேண்டும்.

இவ்வளவு செய்தும் கசிவு நேர்ந்தால்? கடைக்காரரின் நேர்மை உண்மையில் சோதிக்கப்படுவது அப்பொழுதுதான். வெளியே சொன்னால் வாடிக்கையாளர் விலகக்கூடும். கடையை நம்பி வாழும் குடும்பங்களும் தளரக்கூடும். சொல்லாதிருந்தால் எவருக்கும் தெரியாமலே போகலாம். மலேசியாவில் 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் 15-இல் நடைமுறைக்கு வந்தது. 2024-இல் அது திருத்தப்பட்டது. அதன்படி 2025 ஜூன் 1 முதல், குறிப்பிடத்தக்க தீங்கு விளைவிக்கக்கூடிய கசிவை 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்கு அறிவித்தல் வேண்டும். பாதிக்கப்பட்டோருக்கும் தெரிவித்தல் வேண்டும். ஆணையருக்கு அறிவிக்கத் தவறினால் 250,000 ரிங்கிட் வரை அபராதமோ, ஈராண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

சட்டம் இதனை அச்சத்தால் செய்விக்கிறது. அறமோ மூதாட்டியின் முகத்தை நினைக்கச் செய்கிறது. கடைக்காரர் இன்று உண்மையைச் சொன்னால், நாளை ஏமாற்றுக்காரன் அழைக்கும்போது அவர் விழிப்பாக இருப்பார். மறைத்தால், அவர் தம் சேமிப்பை இழந்த பின்னரே அறிவார். முன்னது கடைக்காரருக்குத் தலைகுனிவு. பின்னது அவர் செய்த துரோகம். இவ்விரண்டில் எதனை ஏற்பது என்பதில் ஐயத்துக்கு இடமில்லை.

இன்று வகுப்பறையில் அமர்ந்திருக்கும் மாணவர் பலர் நாளை கடை முகப்புகளில் நிற்கப் போகின்றவர்கள். கணினியை இயக்கக் கற்றுக்கொடுப்பவர்கள், அதனுள் இருப்பது யாருடையது என்பதையும் உடன் கற்றுக்கொடுத்தல் வேண்டும். 555 ஏட்டை மூடி வைத்த அந்த மளிகைக் கடைக்காரர் கணினியை அறியாதவர். ஆயினும், ஏட்டில் உள்ளது பிறர் வாழ்வு என்பதை அவர் அறிந்திருந்தார்.