அளவு ஜாக்கெட்

தளவாய்புரம் நைட்டிக்குப் பேர்போன ஊர். சமையலை முடித்துவிட்டுத் தையல் மிஷினில் உட்காரும் பெண்களுக்கு டிவிதான் பேச்சுத்துணை. அதில் ‘உதிரிப்பூக்கள்’ ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். புருஷனுக்கு முன்னால் லட்சுமி வாய் திறக்காமல் நிற்கும்போது, மிதிக்கிற கால் தானாக நின்றுவிடும். பிசிறு வெட்டுகிற கத்தரி மடியிலேயே கிடக்கும். அந்த நேரத்தில், படத்துக்கு மூலமான புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’ யாருக்கும் நினைவில் வராது. அதைப் படித்தவர்கள் எந்த ஊரிலும் குறைவுதான். பார்க்கிறவர்களுக்குப் படம்தான் கதை. நாவலைப் படமாக்குகிறவரின் பொறுப்பு கனப்பது அதனால்தான்.

1979இல் மகேந்திரன் எடுத்த படம் அந்தக் குறுநாவலைவிட்டு வெகுதூரம் போய்விட்டது. ‘சிற்றன்னை’யில் வரும் சுந்தரவடிவேலு பேராசிரியர். மனைவியைப் பறிகொடுத்தவர்; இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு மரகதத்தை இரண்டாந்தாரமாகக் கட்டுகிறார். முதல் மனைவி கதை தொடங்கும்போதே இல்லை. படத்தின் சுந்தரவடிவேலுவோ ஊரே அஞ்சுகிற பள்ளிக்கூட நிர்வாகி. அங்கே முதல் மனைவி லட்சுமி உயிரோடு இருக்கிறாள். நோயாளி, இரண்டு பிள்ளைக்காரி. தன் தங்கையையே இரண்டாந்தாரமாகக் கேட்கிற புருஷனோடு குடும்பம் நடத்துகிறாள்.

இப்படி மாற்ற உரிமை உண்டா? புதுமைப்பித்தன் 1948இலேயே போய்விட்டார். தட்டிக்கேட்க ஆள் இல்லாதவரின் எழுத்தைத் தொடும்போது கூச்சம் கூடத்தான் வேண்டும். அதிலும் அவர் தழுவல் என்கிற வேலையையே கடுமையாகச் சாடியவர். ஆனால் ‘சாபவிமோசனம்’ எழுதியவரும் அவர்தான். சீதையை ராமன் தீக்குளிக்க வைத்தான் என்று கேட்ட அகலிகை மறுபடியும் கல்லாகிப்போவதாக அவர் எழுதியது எந்த ராமாயணத்திலும் இல்லை. காவியம் சொல்லாமல் விட்ட பெண்ணின் வலியை அவர் அதில் சொன்னார். குறுநாவலில் இல்லாமல்போன மனைவிக்கு மகேந்திரன் செய்ததும் அதைத்தான். படத்தின் டைட்டிலில் புதுமைப்பித்தன் பெயரைப் போட்டுவிட்டுத்தான் செய்தார்.

தையல்காரரிடம் அளவு ஜாக்கெட் கொடுக்கிறோம். கழுத்தை இறக்கலாம், கையை நீட்டலாம், துணியே வேறாக இருக்கலாம். போட்டுக்கொள்கிற உடம்புக்குப் பொருந்த வேண்டும், கொடுத்த ஜாக்கெட் வெட்டுப்படாமல் திரும்பி வர வேண்டும். தழுவலும் அப்படித்தான். டால்ஸ்டாயின் ‘அன்னா கரீனினா’ 1953இல் தமிழில் ‘பணக்காரி’ ஆனது. தலைப்பிலேயே அவள் மனசு பின்னால் போய்ப் பணம் முன்னால் வந்துவிட்டது. இதைவிடப் பெரிய தவறு, கசந்துபோன தாம்பத்தியத்தின் கதையை எடுத்துக்கொண்டு கடைசி ரீலில் புருஷனைத் திருத்திவிடுவது. அப்படிப்பட்ட முடிவு மிஷினுக்கு முன்னால் இருக்கிறவளிடம் ‘இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள், அவன் திருந்திவிடுவான்’ என்று சொல்கிறது. சொன்னவர் வீட்டுக்குப் போய்விடுவார், பொறுக்க வேண்டியவள் அவள். சம்பவத்தை மாற்றுவதை மன்னித்துவிடலாம். பட்ட வலியைக் குறைத்துக் காட்டுவதை மன்னிக்க முடியாது.

மகேந்திரன் அதைச் செய்யவில்லை. அப்படியும் அவர் வைத்த முடிவு உறுத்தவே செய்கிறது. ஊரே திரண்டு சுந்தரவடிவேலுவை ஆற்றில் இறங்க வைக்கிறது. புதுமைப்பித்தன் யாருக்கும் இப்படித் தண்டனை வாங்கித் தரவில்லை. கெட்டவன் செத்தால் பார்க்கிறவர்களுக்கு மனசு ஆறும். அந்த ஆறுதலும் ஒருவகைப் பொய்தானே என்று கேட்கத் தோன்றுகிறது. படமே அந்த ஆறுதலுக்கு இடம் தராததுதான் அதைக் காப்பாற்றுகிறது. உங்கள் எல்லோரையும் என்னைப் போலவே ஆக்கிவிட்டேன் என்கிற பொருளில் ஊராரிடம் பேசிவிட்டுத்தான் அவன் இறங்குகிறான். தண்ணீர் மூடிக்கொள்கிறது. நல்லது நடந்துவிட்டது என்று யாராலும் மூச்சுவிட முடிவதில்லை. தாயில்லாப் பிள்ளைகளை வைத்துத்தான் புதுமைப்பித்தன் கதையைத் தொடங்கினார். சுற்றிவந்த படமும் அவர்களிடமே போய் நிற்கிறது. ஆற்றங்கரையில் அந்த இரண்டு பிள்ளைகள். அம்மா முன்பே போய்விட்டாள். இப்போது அப்பாவும் இல்லை.