இரும்புக்குக் காது கிடையாது

பல்லடம் பக்கம் எந்தத் தோட்டத்துக்குள் கால் வைத்தாலும் ஒரு பேச்சு காதில் விழும். "ஆளு கெடைக்கறதில்லீங்க." கோழி எருவை வண்டியில் ஏற்ற ஆள் இல்லை. போர்வெல்லிலிருந்து மோட்டாரை மேலே எடுக்க ஆள் இல்லை. காற்றில் விழுந்த தென்னையை அறுத்தாயிற்று, துண்டுகளை நகர்த்த ஆள் இல்லை. இதைச் சொல்பவர் எதன்மேல் சாய்ந்து நின்று சொல்கிறார் தெரியுமா? டிராக்டர்மேல். அதன் பின்னால், எண்ணெய் அழுத்தத்தில் ஏறி இறங்கும் இரண்டு இரும்புக் கைகள். முப்பத்தைந்து எச்.பி. வண்டிகள் பலவற்றில் அந்தக் கைகள் ஆயிரம் கிலோ அளவுக்குத் தூக்கும். இப்படியொரு பயில்வானை வாசலில் நிறுத்திவைத்துவிட்டு ஆள் இல்லை என்கிறோம்!

"அதுல மாட்டற தூக்கி வாங்கோணும்னா வெலை கட்டுபடியாகாதுங்க."

"சரி, நீயே செய்."

"நானா?"

தம்பி, அந்த "நானா?"வோடுதான் எனக்குச் சண்டை.

உன் பாட்டன் அப்படிக் கேட்கவில்லை. ஆழக் கிணற்றிலிருந்து தண்ணீரைத் தூக்க அவனிடம் இருந்தவை ஒரு ஜோடிக் காளை, ஒரு தோல்பை, இரண்டு உருளை, இரண்டு கயிறு, அவ்வளவுதான். கிணற்றங்கரையிலிருந்து மண்ணைச் சரிவாக வெட்டினான். காளை சரிவில் இறங்கும்போது அதன் உடல் எடையும் சேர்ந்து இழுத்தது. வடக்கயிறு பையைத் தூக்கிற்று. வால்கயிறு பையின் வாலை மடக்கிப் பிடித்துக்கொண்டு வந்தது. பை மேலே வந்ததும் அதே வால்கயிறு வாலைத் தொட்டிப் பக்கம் இழுக்க, தண்ணீர் தானாகக் கொட்டிற்று. பையைக் கவிழ்க்கத் தனியாக ஓர் ஆள் வேண்டியிருக்கவில்லை. கவலை என்று நாம் சொல்லும் இது முழுக்க முழுக்க ஊரிலேயே செய்த தூக்கும் கருவி. இதைச் செய்த தச்சர், கொல்லர், தோல் தைத்தவர் யாருடைய பெயரும் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. தோல் தைத்தவருக்குத் திண்ணையில் உட்காரக்கூட இடம் கொடுக்காத ஊர், அவர் தைத்த பையில் வந்த தண்ணீரைக் குடித்தது. அது வேறு வழக்கு. ஆனால் கையில் வித்தை இருப்பவனைக் கீழே நிற்கவைக்கும் பழக்கம்தான் இன்று உன் வாயில் "நானா?" என்று திரும்பி வருகிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

"நானா?" என்று கேட்காத இன்னொருவரும் நம் பக்கத்தில் உண்டு. பல்லடத்தில் கோவைக்குப் பஸ் ஏறினால் வழியில் சூலூர். அதன் பக்கத்திலிருக்கும் கலங்கலில் 1893-இல் பிறந்தவர் ஜி.டி. நாயுடு. தன்னம்பிக்கை மேடைகளில் அவர் பெயரைச் சொல்லாதவர் கிடையாது. எல்லோரும் அவருடைய பஸ் கம்பெனியையும் கண்டுபிடிப்புகளையும் சொல்வார்கள். எனக்கு அதற்கும் முந்தைய நாயுடுவைத்தான் பிடிக்கும். பள்ளிக்கூடம் பிடிக்காமல் பாதியில் ஓடிவந்த பையன். ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மிரண்டு, அதே மாதிரி ஒன்றை வாங்கியே தீருவது என்று கோவை ஓட்டலில் சர்வராக வேலை பார்த்துக் காசு சேர்த்தான். வண்டி வந்ததும் முதலில் என்ன செய்தான்? ஊர் சுற்றவில்லை, பிரித்துப்போட்டான்! ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றி, எது எதைத் தள்ளுகிறது என்று பார்த்து, திரும்பப் பூட்டினான். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸைத் தானே ஓட்டியதும், 1937-இல் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து இந்தியாவிலேயே மின்மோட்டார் செய்து காட்டியதும் அந்தக் கை அழுக்கிலிருந்து வந்தவை. பைக்காராவில் நீர்மின்சாரம் பிறந்தது 1932-இல். மோட்டார் நம் ஊரிலேயே தயாராகத் தொடங்கிய பிறகுதான் கொங்குக் கிணறுகளில் கவலைச் சரிவுகள் ஒவ்வொன்றாகத் தூர்ந்தன.

அந்த வித்தை வந்தது கழற்றிப் பார்க்கத் துணிந்தவனுக்குத்தான். நீ உன் டிராக்டருக்குப் பின்னால் போய் எத்தனை நாள் குனிந்து பார்த்திருக்கிறாய்?

குனிந்தால் மூன்று கம்பிகள் தெரியும். கீழே இரண்டு, மேலே நடுவில் ஒன்று. இந்த மூன்றுக்கும் பின்னால் ஒரு விவசாயி மகனின் பிடிவாதம் இருக்கிறது. அயர்லாந்துக்காரரான ஹாரி ஃபெர்குசனுக்கு அப்பாவின் பண்ணை வேலை பிடிக்கவில்லை, பட்டறைக்குப் போனார். 1909-இல் சொந்தமாக விமானம் செய்து பறந்தார். முதல் உலகப்போர்க் காலத்தில் டிராக்டர்களை மேற்பார்வையிடும் வேலை வந்தபோது ஒன்றைக் கவனித்தார். அந்த நாளில் கலப்பையைச் சங்கிலியில் கட்டுகிற மாதிரி வெறுமனே பின்னால் பூட்டி இழுப்பார்கள். கலப்பை கல்லில் மாட்டினால் டிராக்டரின் முன்பக்கம் எழும்பி, வண்டி பின்னால் ஓட்டுபவர்மேலேயே கவிழும். கலப்பையை மூன்று இடத்தில் பிணைத்து வண்டியின் உடம்பாகவே ஆக்கிவிட்டால் என்ன என்று யோசித்தார். 1926-இல் காப்புரிமை, 1938-இல் ஹென்றி ஃபோர்டோடு எழுத்தில்லாத, வெறும் கைகுலுக்கல் ஒப்பந்தம். அந்தக் கைகுலுக்கல் பிற்பாடு கோர்ட்டுக்குப் போனதும், 1952-இல் ஃபெர்குசனுக்கு 92 லட்சத்து 50 ஆயிரம் டாலர் கிடைத்ததும் தனிக்கதை. ஆளை நம்பு, ஆனால் காகிதத்தில் எழுதி வாங்கு! இன்று நம் தோட்டத்தில் நிற்கும் வண்டிகளிலெல்லாம் அந்த மூன்று கம்பிகள்தான்.

ஆக, பாதி வேலையை ஃபெர்குசன் செய்து வைத்துவிட்டார். மீதிப் பாதியைத்தான் உன்னிடம் கேட்கிறேன். கீழே இரண்டு ஆணி, மேலே ஒன்று, அவற்றில் உட்கார ஒரு முக்கோணச் சட்டம். அதிலிருந்து பின்னால் நீளும் ஒரு கை, நுனியில் ஒரு கொக்கி. காயலான் கடையில் கிடக்கும் சேனல் இரும்பும், தெருமுனைப் பட்டறையின் வெல்டிங்கும் இதற்குப் போதும்.

போதும் என்றதும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஓடாதே. இங்கேதான் மேடைத் தன்னம்பிக்கைக்கும் பட்டறைத் தன்னம்பிக்கைக்கும் வித்தியாசம். "என்னால் முடியும்" என்று நூறு தடவை கத்து, மனசு கேட்கும். இரும்புக்குக் காது கிடையாது. அதற்குத் தெரிந்தது எடையும் தூரமும்தான்.

ஆணித் துவாரத்தில் ஆயிரம் கிலோ தூக்கும் கை, நீ மாட்டிய சேனலின் நுனியில் அதைத் தூக்காது. கை நீள நீளத் தூக்கும் எடை குறையும். எத்தனை அடிக்கு எவ்வளவு குறையும் என்பது உன் வண்டியின் கம்பி அமைப்பைப் பொறுத்தது, ஊகித்துச் சொல்லக் கூடாது. அடுத்தது முன்சக்கரம். பின்னால் சுமை தொங்கினால் முன்பக்கம் லேசாகும். வண்டி எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன்சக்கரத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஸ்டீயரிங் உன் பேச்சைக் கேட்காது. முன்னால் எடைக்கட்டி மாட்டு. இன்னொன்றைப் பலர் யோசிப்பதில்லை. உழும்போது மேல் கம்பி வண்டியை நோக்கித் தள்ளப்படும், சுமையைத் தொங்கவிட்டால் அதே கம்பி இழுபடும். அதனால் மேல் கம்பியில் தேய்ந்த ஆணியைச் செருகாதே. சிறிய வண்டிகளில் கீழ் ஆணி 22 மி.மீ., மேல் ஆணி 19 மி.மீ. என்பது உலகம் முழுக்க ஒரே அளவு. பெரிய வண்டிகளில் 28, 25. "ஏறக்குறைய பொருந்துது" என்று வெல்டர் சொன்னால் காலிப்பரை அவர் கையில் கொடு.

வெல்டிங் வைக்கும் முன் துருவைச் சுரண்டிவிடு. பெயிண்டின்மேல் வைத்த ஒட்டு உன்னை நம்பவைத்துக் கழுத்தறுக்கும். ஆயில் ஹோஸில் ஊசிமுனைக் கசிவு தெரிந்தால் விரலால் தடவிப் பார்க்கவே பார்க்காதே. அந்த அழுத்தத்தில் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும், விரலே போன கதைகள் உண்டு. தூக்கிய சுமைக்குக் கீழே நிற்காதே. உன் மகனையும் நிற்கவிடாதே.

பயமுறுத்துகிறேனா? இல்லை. இத்தனையும் தெரிந்துகொண்ட பிறகும் செய்யத் தோன்றுகிறதா, அந்தத் தோன்றலுக்குத்தான் நான் மரியாதை தருவேன். தெரியாமல் வரும் தைரியம் முதல் சுமையிலேயே வளையும்.

பக்கத்து வீட்டுக்காரர் வருவார், பார்ப்பார். "ஏப்பா, கம்பெனிக்காரன் பைத்தியக்காரனா, இதையெல்லாம் நீ செஞ்சுட்டா?" என்பார். சிரித்துக்கொண்டே சிமெண்ட் மூட்டையைக் கட்டு. அதைவிட நல்ல எடைக்கல் வேறில்லை: ஒன்று 50 கிலோ. முதலில் இரண்டு, தரைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் மட்டும். அரை மணி நேரம் பார். வெல்டிங் ஓரத்தில் பெயிண்ட் வெடிக்கிறதா? கை வளைந்து வருகிறதா? முன் டயர் தரையைப் பிடித்திருக்கிறதா? சரியென்றால் இன்னும் இரண்டு மூட்டை. வளைந்தால் இறக்கு, வெட்டு, முட்டுக் கொடுத்து மறுபடி ஒட்டு. நாயுடு பிரித்த வண்டி முதல் தடவையிலேயே ஸ்டார்ட் ஆகியிருக்குமா என்ன!

அந்தப் பக்கத்து வீட்டுக்காரரும் இரண்டு வாரம் கழித்து வருவார். இந்தத் தடவை குரல் வேறு மாதிரி இருக்கும். "தம்பி, நம்ம போர்ல மோட்டார் நின்னு போச்சு, கொஞ்சம் வந்து பாக்கறயா?"

உடனே சாவியைத் தூக்கிக்கொண்டு ஓடாதே. குழாயோடு சேர்த்து மோட்டார் எவ்வளவு எடை என்று முதலில் கேள். உன் கருவி எத்தனை மூட்டை வரைக்கும் தேறியது என்பது உனக்குத் தெரியும். கூடுதல் என்றால் "என்னோடது அவ்வளவு தூக்காதுங்க மாமா" என்று நேராகச் சொல்.

சரி, பேச்சுப் போதும். சாக்பீஸும் டேப்பும் எடுத்துக்கொண்டு டிராக்டருக்குப் பின்னால் போ. கீழ்க் கம்பி இரண்டுக்கும் நடுவே எவ்வளவு இருக்கிறது? அளந்துவிட்டு வந்து சொல்.