உறைக்குள் ஒரு டார்ச் வெளிச்சம்

அமெரிக்காவில் துப்பாக்கி சுடும் பழக்கமுள்ளவர்கள் பலர், சுட்டபின் மிஞ்சும் பித்தளை உறையில் தாங்களே மீண்டும் வெடிமருந்து அடைத்துத் தோட்டா செய்துகொள்கிறார்கள். இந்த வேலையில் தீப்பொறியை விடப் பெரிய எதிரி கவனச் சிதறல். .38 ஸ்பெஷல் என்ற தோட்டாவின் உறை, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், பழைய வெடிமருந்தான கரும்பொடி நிறைய அடைக்கும் அளவில் உருவானது. இன்றைய புகையில்லா மருந்தோ அதன் அடியில் கொஞ்சமே கிடக்கும். கைதவறி இரண்டாம் முறை ஊற்றினாலும் வழியாது. சுடும்போது துப்பாக்கி வெடித்தால்தான் தெரியும். மருந்தே விழாமல் போனாலும் வம்புதான். மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரின் உந்தலில் மட்டும் நகர்ந்த குண்டு குழலுக்குள் பாதியில் சிக்கும். சத்தம் மந்தமாக இருந்ததே என்று நிறுத்திப் பார்க்காமல் அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கலாம்.

அதனால் பழகியவர்கள், குண்டைப் பொருத்துமுன் உறைகளைக் குழிப்பலகையில் நிறுத்தி ஒவ்வொன்றுக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்க்கிறார்கள். மேசையில் ஒரே ஒரு மருந்து டப்பா. டி.வி. கிடையாது, பேச்சுத்துணையும் கிடையாது. நடுவில் யாராவது கூப்பிட்டால், திரும்பி வந்து விட்ட இடத்தை யூகிப்பதில்லை; அந்த உறையைக் கொட்டிவிட்டு மறுபடி அளக்கிறார்கள். (சிக்கனம் பார்க்கத்தான் இந்த வேலைக்கே வந்திருப்பார்கள், ஆனாலும்!) ஈயம் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பாட்டில் வைப்பதுமில்லை.